புதுப்பிப்பு: ஒசாகாவில் சாப்பிட்ட கதை

சாப்பாட்டுக்காகவே ஜப்பானின் ஒசாகாவுக்கு ஒரு குட்டிப் பயணம், எங்கே தங்கலாம், எதை விடக்கூடாது என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. நம்பா பகுதியில் தங்கச் சொன்னவர்களுக்குப் பெரிய கும்பிடு. சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த தோதோன்போரி தெருவும் குரோமோன் சந்தையும் நடக்கிற தூரம்தான். சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் பல கடைகள் மூடிவிடுகின்றன. விலை சுற்றுலாப் பயணிகளுக்கான விலைதான்.

மனதில் நின்றது ஷின்செகாய் பகுதியின் குஷிகாட்சு. இறைச்சி, வெங்காயம், தாமரைக்கிழங்கு என்று எதையும் குச்சியில் குத்தி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள். பொதுக் கிண்ணத்து சாஸில் ஒரு முறைதான் தோய்க்கலாம். கடித்த குச்சியை மறுபடி விட்டால் எச்சில்! போதவில்லை என்றால், கூடவே வைக்கிற முட்டைக்கோஸ் இலையால் சாஸை அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். இப்போது பல கடைகளில் கிண்ணத்துக்குப் பதில் பாட்டில்தான்.

1910-இல் தொடங்கிய ஜியுகென் கடையில் குழம்பைச் சோற்றோடு பிசைந்தே தருகிறார்கள், நடுவில் பச்சை முட்டை. எனக்குப் பிடித்தது, கூட வந்தவர் முட்டையைப் பார்த்ததுமே தட்டை நகர்த்திவிட்டார்.

தகோயாகியை (ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டை) வாங்கியதும் வாயில் போடாதீர்கள், உள்ளே மாவு கொதிக்கும்.

அப்புறம், சைவம் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் ஊடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். முட்டைக்கோஸ் போட்டுத் தோசைபோல் சுடும் ஒக்கோனோமியாகியின் மாவிலும் அப்படித்தான். ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.