அம்மையின் 26 வருசத்தை எந்த நாடாவது கணக்கில் எடுக்குமா?

முக்கூடல் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். பென்சன் விசயம் தெரிந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

எங்கம்மைக்கு 2024-ல் 58 முடிந்தது. பீடி சுற்றியதற்கான பி.எஃப். பென்சன் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 1979-ல், 13 வயசில், மடியில் தட்டை எடுத்து வைத்தவள். அப்போது அவள் பேரில் பாஸ், அதாவது சுற்றிய பீடியைக் கம்பெனி பதிகிற கணக்குப் புத்தகம், கிடையாது. பெரியம்மை பாஸில்தான் அவள் சுற்றிய பீடியும் ஏறும். கல்யாணமாகி முக்கூடலுக்கு வந்த பிறகு மதினி பாஸில் ஏறியது. அவளுக்கென்று ஒரு பாஸ் போட்டது 2005-ல்தான். 45 வருசம் சுற்றியதில் ஏட்டில் இருப்பது 19 வருசம். மீதி 26 வருசம் எங்கேயும் இல்லை.

நான் பி.காம். படித்தது அந்தப் பீடிக் காசில். இப்போது பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். அதனால் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். கடைசி 60 மாதச் சராசரிக் கூலி 3,200. அதை 19-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 868 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று இருப்பதால் அதுவரை ஏற்றிக் கொடுக்கிறார்கள். அந்த 1,000 ரூபாய் 2014 செப்டம்பரில் வைத்தது. அன்றைக்கு அரிசி என்ன விலை, இன்றைக்கு என்ன விலை?

பிரான்சில் ஓய்வு வயசைக் கூட்டியதற்குப் போராட்டம், சிலியில் சீர்திருத்தம் என்று செய்திகள் வாசிக்கிறேன். எல்லாமே சம்பளச் சீட்டு கையில் உள்ளவர்களைப் பற்றியதாகவே இருக்கிறது. ஏட்டில் ஏறாத உழைப்பை எண்ணுகிற நாடு ஏதாவது உண்டா? இதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. பென்சன் தொடர வருசா வருசம் கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்றைக் கொடுக்கப் போனோம். மூன்று தடவை போயும் ரேகை விழவில்லை. இலையை மடக்கி மடக்கி விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. "என் விரலு எல்லாம் பீடியோட போச்சு மக்ளே" என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் பேசாமலே வந்தாள்.

பழைய சங்கத்துக்காரன், ஆலங்குளம்:

மகளே, முதலில் விரல் விசயம். அதுக்கு இனி அலைய வேண்டாம். முகத்தை வைத்தே உயிர்ச் சான்று கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முக அடையாளச் செயலியும் போட்டுக்கோ. வீட்டு வாசலில் நல்ல வெளிச்சத்தில் அம்மாவை உட்கார வைத்து எடு. பி.எஃப். பென்சனுக்கு எந்த மாதம் கொடுத்தாலும் அந்தத் தேதியிலிருந்து ஒரு வருசம் செல்லும். நவம்பர் வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

அடுத்தது அந்த 26 வருசம். வீட்டில் சுற்றுகிறவள் தொழிலாளியே இல்லை என்று வழக்காடினார்கள். 1985-ல் சுப்ரீம் கோர்ட், வீட்டிலிருந்து சுற்றினாலும் தொழிலாளிதான், பி.எஃப். உண்டு என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்தாலும் பாஸ் வரவில்லை. பாஸ் கூடினால் முதலாளி கட்ட வேண்டிய பணமும் கூடும். அதனால் ஒரு பாஸில் மூன்று பெண்கள் சுற்றினார்கள். நம்ம பக்கம் ஊருக்கு ஊர் இதுதான் நடந்தது. நாங்களும் ஓடினோம், எல்லா வீட்டுக்கும் வாங்கிக் கொடுக்க முடியவில்லை. அது இன்னும் மனசில் கிடக்கிறது.

குறைந்தபட்சப் பென்சனை 3,000 ஆக்கச் சொல்லி, கோஷியாரி தலைமையிலான ராஜ்யசபா குழு 2013-லேயே எழுதிக் கொடுத்தது. விலைவாசிக்கு ஏற்பக் கூட்டவும் சொன்னது. வந்தது 1,000 மட்டும்.

கடையநல்லூர்க்காரன், சிங்கப்பூர்:

தங்கச்சி, எங்கம்மாவும் பீடி சுத்துனவங்கதான். இங்கே உள்ளதைச் சொல்றேன்.

சிங்கப்பூர்ல 1955-லேருந்து சி.பி.எஃப்., நம்ம பி.எஃப். மாதிரி. அவங்கவங்க கணக்குல அவங்கவங்க பணம். கூலி கம்மியா வாங்கினவங்களுக்கும், வீட்டைப் பாத்துக்கிட்டே இருந்த பொம்பளைங்களுக்கும் கடைசில கணக்குல ஒண்ணும் இருக்காது. அதனால 2016-ல சில்வர் சப்போர்ட்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பணம் வரும். விண்ணப்பமே கிடையாது, அரசாங்கமே கணக்கைப் பாத்துத் தகுதி உள்ளவங்களுக்கு அனுப்பிடும். எனக்குப் பிடிச்சது அதுதான், ஒரு கிழவி வரிசைல நிக்க வேண்டாம். ஆனா இதெல்லாம் குடிமக்களுக்கு. வேலை அனுமதில இருக்கிற என்ன மாதிரி ஆளுக்கு சி.பி.எஃபே கிடையாது. என் வருசங்களும் எந்த ஏட்டுலயும் இல்ல தங்கச்சி.

கணக்கு வாத்தியார், அம்பாசமுத்திரம்:

2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவன் நான், பழைய பென்சன் கிடையாது. அதனால் இந்த விசயத்தைப் பத்து வருசமாகத் தேடித் தேடி வாசிக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் பிரேசில். 1988 அரசியல் சட்டம், அதையொட்டி வந்த 1991 சட்டம் இரண்டும் சிறு விவசாயி, மீனவர் குடும்பங்களைத் தனியாகப் பிரித்தன. பெண்ணுக்கு 55, ஆணுக்கு 60 வயசு. 15 வருசம் பணம் கட்டியதைக் காட்ட வேண்டாம், 15 வருசம் வேலை செய்ததைக் காட்டினால் போதும். காட்டுவது எப்படி என்பதுதான் இதில் அழகு. தொடக்கமாக ஒரு காகிதம் வேண்டும். கல்யாணச் சான்றிதழில் தொழில் 'விவசாயி' என்று எழுதியிருந்தால் அதையும் ஏற்கிறார்கள். மீதியைச் சாட்சிகள் சொல்லலாம். கிடைப்பது நாட்டின் குறைந்தபட்சக் கூலி முழுசும். கூலி ஏறும்போது பென்சனும் தானாக ஏறும். 2019-ல் மற்றவர்களுக்கு வயசை 65, 62 என்று கூட்டியபோதும் இந்த 60, 55-ஐ அவர்கள் தொடவில்லை.

சிலி எதிர்த் திசையில் போய்த் திரும்பி வந்த நாடு. ராணுவ ஆட்சி 1981-ல் தனியார் நிறுவனக் கணக்குகளைக் கொண்டுவந்தது, கூலியில் 10 சதவீதம். ராணுவத்தினரும் போலீசாரும் தங்கள் பழைய முறையிலேயே இருந்துகொண்டார்கள். விட்டு விட்டு வேலை பார்த்த பெண்களின் கணக்கில் பணம் சேரவே இல்லை. 2008-ல் அரசு வரிப்பணத்திலிருந்து கொடுக்கத் தொடங்கியது. பெற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தாய்க்கு ஒரு தொகையைச் சேர்த்தது. 2022-லிருந்து, மிக வசதியான பத்தில் ஒரு பங்கினர் தவிர, 65 வயசான எல்லாருக்கும் ஒரு பென்சன்.

நேபாளம் பக்கத்திலேயே இருக்கிறது. 68 வயசானால் மாதம் 4,000 நேபாள ரூபாய், நம்ம பணத்தில் 2,500. யாருக்கு உழைத்தாய் என்று கேட்பதில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். பிரேசிலில் கிராமத்துப் பென்சனுக்குக் கட்டப்படுவது கொஞ்சம், கொடுப்பது அதிகம், மீதி பொதுப் பணம். அது பாரம்தான். அந்தப் பாரத்தை நாடு சுமக்கலாம் என்பது என் கட்சி. இப்போது அதை உங்கள் அம்மா தனியாகச் சுமக்கிறார்கள்.

முக்கூடல் மகள்:

அண்ணாச்சிமார் மூன்று பேருக்கும் நன்றி. இன்றைக்குக் காலையில் வாசல் நடையில் உட்கார வைத்து எடுத்தேன். இரண்டாவது தடவையில் முகம் விழுந்துவிட்டது. ஒரு வருசத்துக்குக் கவலை இல்லை.

வாத்தியார் சொன்ன பிரேசில் கதையை நேற்று ராத்திரி அம்மையிடம் சொன்னேன். சாட்சி சொன்னால் போதும் என்றதும், வெட்டிக்கொண்டிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டாள். ஆமாம், இன்னும் சுற்றுகிறாள், இப்போது மறுபடியும் மதினி பாஸில். பெரியம்மை வீட்டுத் திண்ணையில் கூட உட்கார்ந்து சுற்றியவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏழு பேர். "அதுல ரெண்டு பேரு போய்ச் சேந்தாச்சு. மத்த அஞ்சு பேரும் வந்து சொல்லுவாளுவ. ஒரு நாளு யாரு எத்தனை சுத்துனோம்னு அவளுவளுக்கு இன்னைக்கும் தெரியும்" என்றாள்.

அந்த ஐந்து பேரின் பாஸ் கணக்கையும் எழுதி வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆலங்குளத்து அண்ணாச்சி, அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று சொல்லுங்கள்.