புதுப்பிப்பு: கல்லடி வீட்டுக் குசினிக் குழாய் அடைப்பு

எங்கள் குசினிச் சிங் மாதத்துக்கு ஒருமுறை அடைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அடைப்பைக் கரைக்க கோஸ்டிக் சோடா (தோலையே அரிக்கும் கடும் காரம்) போடச் சொன்னவர்கள் நிறையப் பேர். போட்டேன், பத்து நாளில் திரும்ப அடைத்தது.

சரி, மூன்று கிழமைக்கு முன் குழாய் அடைப்பு எடுப்பதையே தொழிலாகச் செய்யும் ஒரு அண்ணனைக் கூப்பிட்டோம். வந்ததும் அவர் கேட்டது, "சோடா போட்டீங்களா தங்கச்சி?" தேங்கி நிற்கும் சோடாத் தண்ணீர், அடைப்பெடுக்கக் குழாய்க்குள் விடும் ஸ்பிரிங் கம்பியோடு தெறித்தால் கண்ணே போய்விடும். நீங்களும் ஆள் கூப்பிட்டால் தயவுசெய்து இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கம்பி 12 அடியில் முட்டியது. சின்னக் கமரா விட்டுப் பார்த்தால், குழாய் மூட்டுக்குள்ளால் வேர் நுழைந்து தும்பு மாதிரி நிற்கிறது. கறிக் கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் அதில் ஒட்டி இறுகியிருந்தன. சோடா கொழுப்பைக் கொஞ்சம் கரைத்திருக்கும், வேரை என்ன செய்யும்? வேரை வெட்டி, அப்புறம் உயர் அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினார். மணல் நிலத்தில் குழாய் தாழ்ந்து மூட்டு விலகியிருக்கிறது, அந்தத் துண்டை மாற்றாவிட்டால் வேர் திரும்ப வரும் என்றார். மார்கழி மழையில் குழி தோண்டினால் தண்ணீர்தான் ஊறும், அதனால் புரட்டாதிக்குள் மாற்றப்போகிறோம்.

இப்போது எண்ணெய்ச் சட்டியைக் கழுவ முன் பழைய பேப்பரால் துடைத்துவிடுகிறோம். அம்மா பயமில்லாமல் பைப்பைத் திறக்கிறார்.