சோடியம் கால்வாயின் இனாக்டிவேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

ரோஸ் ஹில்லிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். நரம்பணுச் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் புரதத் துளைதான் சோடியம் கால்வாய். திறந்த சற்று நேரத்தில் அது தானாக அடைபடும் இனாக்டிவேஷனுக்குப் பாடக்குறிப்பில் ‘செயலிழப்பு’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும். கால்வாய் கெட்டுப்போய்விட்டது என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். ‘மூடல்’ என்பதும் பொருந்தாது, அது வேறு நிலை.

நரம்பணு மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் ஓய்ந்திருக்கையில் கால்வாய் மூடியிருக்கும், தூண்டினால் திறக்கும். மைனஸ் 55 வாக்கில் திறந்ததும் சோடியம் உள்ளே பாயும். ஓரிரு மில்லிசெகண்டில் அந்த ஓட்டம் தானாக நின்றுவிடும். புரதத்தின் மூன்றாம், நான்காம் பகுதிகளை இணைக்கும் உட்புற இழையில் ஐசோலூசின், ஃபினைல்அலனின், மெத்தியோனின் என மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, வழியடைவது அவற்றால்தான். அதன்பின் எவ்வளவு தூண்டினாலும் திறக்காது, மின்னழுத்தம் இறங்கினால்தான் விடுபடும். நரம்பணுவின் நீண்ட கிளையான ஆக்சானில் மின்துடிப்பு வந்த வழியே திரும்பாததும் இதனால்தான். ‘தக்கையடைப்பு’ என்று வைக்கலாமா?

போர்ட் லூயிஸிலிருந்து:

அம்மா, மூடலையும் இதையும் பிரித்தே ஆக வேண்டும், முழு உடன்பாடு. ‘தக்கை’தான் இடிக்கிறது. 2017-இல் மின்விலாங்கின் சோடியம் கால்வாய் அமைப்பு வெளிவந்தபின், அந்த மூன்றும் துளைக்குள் செருகிக்கொள்வதில்லை, பக்கத்துக் குழியில் அமர்ந்து துளையை ஒடுக்குகின்றன என்ற விளக்கமே வலுத்திருக்கிறது. மேலும், இங்கே மொரீஷியஸில் பூல்தாங் என்கிறோமே, அந்தப் பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் நஞ்சு கால்வாயின் வெளிவாயில் வந்து அடைக்கிறது. தக்கை என்ற பெயர் அதற்குத்தான் தகும்.

என் பரிந்துரை ‘தன்னடைப்பு’. கால்வாய் தன் உறுப்பாலேயே அடைபடுகிறது. அமைப்பு விளக்கம் நாளை மாறினாலும் சொல் நிற்கும். நஞ்சால் நேர்வது ‘நஞ்சடைப்பு’. பழைய நிலைக்கு மீள்வது ‘தன்னடைப்பு நீக்கம்’.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். “தன்னடைப்பில் உள்ள கால்வாயை மரப்பு மருந்தான லிடோகெயின் இறுகப் பற்றும், ஆகவே அடிக்கடி துடிக்கும் நரம்பில் அது கூடுதலாக வேலை செய்யும்.” தடையின்றி வருகிறது. நம் கடல் மீன்களால் வரும் சிகுவாத்தெரா என்ற உணவு நச்சு நோயை விளக்கவும் உதவும்: அதற்குக் காரணமான நஞ்சு சிகுவாடாக்சின் ஓய்வு மின்னழுத்தத்திலேயே கால்வாயைத் திறந்து வைப்பதால் நரம்பு தானாகத் துடிக்கிறது, குளிர்நீர் பட்டாலே எரிகிறது. சமைத்தாலும் அந்த நஞ்சு அழியாது என்பதையும் பாடத்தில் சேர்த்துவிடுங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

ஏற்கிறேன் ஐயா. ஒன்று மட்டும் பாக்கி. நீடித்த தூண்டலில் வினாடிக்கணக்கில் உருவாகும் மெதுவான வகையில் மேற்சொன்ன இழை முதன்மையானதன்று, துளையின் வடிவமே மாறுகிறது. அதுவும் தன்னடைப்புதான் என்பதால் ‘விரை தன்னடைப்பு’, ‘மெல் தன்னடைப்பு’ என்று இரண்டாகப் பதிவு செய்கிறேன்.