புகைபோக்கி சரிந்து ஓட்டின்மேல் விழுந்தது: உங்கள் வீட்டு அனுபவங்களையும் சொல்லுங்கள்

வலங்கைமான் பக்கத்திலிருந்து:

ஐப்பசி அடைமழையில் எங்கள் ஓட்டு வீடு எங்கெங்கே ஒழுகும் என்பது அம்மாவுக்கு அத்துப்படி. தாழ்வாரத்தில் ஒரு குண்டான், ரேழியில் ஒரு வாளி என்று முதல் தூறலுக்கே எடுத்து வைத்துவிடுவார். அடுக்களைக்குப் பாத்திரம் வைத்ததே கிடையாது. சென்ற ஆண்டு காலை வாரியது அந்த அடுக்களைதான். இரவு முழுக்கப் பெய்து ஓய்ந்த நேரத்தில் புகைபோக்கியின் மேல்பாதி அப்படியே சரிந்து, நாட்டு ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், கூரையின் சாய்வுக் கட்டையான கைமரம் ஒன்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கிரைண்டரின்மேல் வந்து விழுந்தது. நல்ல வேளை, யாரும் எழுந்திருக்கவில்லை.

விறகடுப்புக் காலத்தில் கட்டிய செங்கல் புகைபோக்கி அது. எரிவாயு வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாததை யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று ஒன்று உச்சியில் முளைத்து, சுண்ணாம்புக் காரைக்குள் வேர் விட்டு, ஆண்டுக்கணக்கில் பருத்திருக்கிறது. இடிபாட்டிலிருந்து எடுத்த செங்கல் ஒன்றைச் சுற்றி வேர் கூடை முடைந்ததுபோலப் பின்னியிருந்தது. கொத்தனார் சுத்தியலால் தட்டியும் விடவில்லை.

வேர் மட்டும் காரணமில்லை. வீடு வாடகைக்கு விட்டிருந்த காலத்தில் யாரோ புகைபோக்கியின் வெளிப்புறம் முழுக்க சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விடும். சிமெண்ட் விடாது. மயிரிழை வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கி, காரையைக் கரைத்துவிட்டது. “மேலே கல்லு, உள்ளே மாவு” என்றார் கொத்தனார், பூச்சை விரலால் பெயர்த்துக் காட்டி. இன்னொன்றும் சொன்னார்: புகைபோக்கியும் ஓடும் சேரும் மூலையில் இறங்கும் தண்ணீர் நேராகக் கீழே சொட்டாதாம், கைமரத்தோடு ஓடி வேறெங்கோ சொட்டுமாம். கூடத்துச் சுவரில் வருடா வருடம் வந்த கறைக்கு அன்றுதான் விடை கிடைத்தது. அந்தக் கறைக்காகக் கூடத்து ஓட்டைப் பலமுறை மாற்றியிருக்கிறோம்!

முதலில் மின்சார மெயினை இறக்கினோம். பிறகு தார்ப்பாய். ஓட்டையை மட்டும் மூடினால் மேலிருந்து வழியும் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்துவிடும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்துக் கட்ட வேண்டும். பாசி பிடித்த ஓட்டில் நேரடியாகக் கால் வைக்காமல், ஏணியைப் படுக்கப்போட்டு அதன்மேல் போனார் ஓடு மாற்றுகிறவர்.

அப்பா புகைபோக்கியைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்டதற்கு, “வீடு வீடாக இருக்க வேண்டாமா?” என்றார். இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் கூரைக்குக் கீழ்வரை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி ஓடு பதித்தோம். மிச்சமிருந்த வேரை வெட்டும் முன் கற்பூரம் ஏற்றியே ஆக வேண்டும் என்று கொத்தனார் பிடிவாதமாக நின்றார். ஏற்றினோம். புது நாட்டு ஓடு கிடைப்பது பெரும்பாடு. இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் பழைய ஓடுதான் வழி. வாங்கும்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுக்கலாம், சத்தம் அமுங்கினால் விரிசல்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

உங்களுக்காவது உள்ளிருந்து வந்தது. எங்களுக்குத் தோப்பிலிருந்து வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த அன்று, கொல்லைத் தென்னை வேரோடு சாய்ந்து சீமை ஓட்டின்மேல் விழுந்தது. புகைபோக்கிக்கென்று வைத்திருந்த சிமெண்டுக் குழாய் துண்டு துண்டாகிவிட்டது. மரம் விழுந்ததைவிட மரத்தை அகற்றியதில் உடைந்த ஓடுதான் அதிகம். நடுவில் அறுத்தார்கள், மேல்துண்டு உருண்டு நல்ல பக்கத்து ஓட்டையும் அள்ளிக்கொண்டு போனது. அறுப்பதற்கு முன் கயிறு கட்டி ஆள் பிடித்திருக்க வேண்டும். அந்த வாரம் ஊரில் எல்லோருக்கும் அவசரம், கயிறுக்கும் பஞ்சம்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் ‘பாரத் கிருக ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீடு இருக்கிறது. புயல், வெள்ளம், மரம் விழுந்து ஏற்படும் சேதம் எல்லாம் அதில் அடங்கும். நாள்பட்ட தேய்மானம் அடங்காது. ஆகவே வலங்கைமான் நண்பரின் அரசங்கன்றுக்குப் பணம் கேட்டுப் போனால் திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். எதுவானாலும் இடிபாட்டை அள்ளும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் வாசலைச் சுத்தம் செய்த பிறகுதான் பலருக்கு அந்த நினைப்பே வந்தது.

திருவையாற்றிலிருந்து:

எங்கள் வீட்டில் குரங்கு. ஓட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும்; மழை வந்தால்தான் தெரியும். அதை விடுங்கள், மூடாத புகைபோக்கியில் தேனீ கூடு கட்டியதுதான் பெரிய கதை. பக்கத்து வீட்டார் கீழே தீமூட்டி விரட்டச் சொன்னார்கள். கரி படிந்த பழைய புகைபோக்கியில் தீ மூட்டினால் கூரையே பற்றிக்கொள்ளும் என்று மாமா தடுத்துவிட்டார். மருந்தடித்தாலும் தொல்லைதான்: ஈ செத்துவிடும், அடை உள்ளேயே நிற்கும், சித்திரை வெயிலில் மெழுகு இளகித் தேன் சுவரோடு வழியும், பிறகு எறும்பு. தேன் எடுப்பவர் ஒருவரை வரவழைத்து அடையோடு வெட்டி எடுத்த பிறகு, புகைபோக்கியின் வாயில் கம்பி வலை அடித்துவிட்டோம்.

இப்போது என் கவலை வேறு. ஓடு மாற்ற ஆடியிலிருந்து ஆள் கேட்கிறேன், தீபாவளி கழித்து வருகிறேன் என்கிறார்கள். அதற்குள் பாதி மழை கொட்டிவிடும். கும்பகோணம், பாபநாசம் பக்கம் நாட்டு ஓடு தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சாப்பாடு எங்களுடையது, கூலி பேசிக்கொள்ளலாம்.