அம்மாவுக்கு தோள்பட்டைக்கு பிசியோ எழுதி குடுத்துருக்காங்க, போறதுக்கு முன்னாடி என்னென்ன தெரிஞ்சுக்கணும்?

குடமுருட்டி_கரை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாபநாசம் பக்கத்துல கிராமம். அம்மாவுக்கு 56 வயசு, சுகருக்கு மாத்திரை போடுறாங்க. கொஞ்ச மாசமாவே வலது கைய தூக்க முடியல, தலை வாரிக்க முடியல, கொடியில துணி போட முடியல, ராத்திரி அந்த பக்கம் திரும்பி படுத்தா வலியில முழிச்சுக்கிறாங்க. கும்பகோணத்துல எலும்பு டாக்டர்கிட்ட காட்டினோம், எக்ஸ்ரே பாத்துட்டு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப் போச்சுன்னு சொல்லி பிசியோவுக்கு எழுதி குடுத்தாரு. திங்கக்கெழமை முதல் நாள். கரண்ட் வைப்பாங்கன்னு யாரோ சொல்லி அம்மா பயந்து கெடக்குறாங்க, கைய புடிச்சு முறுக்கிடுவாங்கன்னு பெரியம்மா வேற சொல்லி வச்சிருக்காங்க. எண்ணெய் போட்டு உருவுறவர் ஒருத்தர் பக்கத்து ஊர்ல இருக்காரு, அங்கயே போகலாமேன்னு சொந்தக்காரங்க. எவ்வளவு நாள் ஆகும், என்ன எடுத்துட்டு போகணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. சம்பா நடவு நேரம், அம்மா வேலைக்கு போறத நிறுத்தவே மாட்டாங்க, அது தனி கவலை.

தஞ்சை_பிசியோ:
தம்பி, நான் இந்த வேலைதான் பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். மொதல்ல அம்மாகிட்ட கரண்ட் பயத்த போக்குங்க. ஐஎஃப்டி, டென்ஸ்னு மெஷின் இருக்கு, பேடு ஒட்டி வச்சா தோல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், ஜாஸ்தியா தெரிஞ்சா "கம்மி பண்ணுங்க"ன்னு சொன்னா உடனே குறைச்சிடுவாங்க, அவ்வளவுதான். ஆனா அது வலிய மட்டும்தான் கொஞ்சம் மட்டுப்படுத்தும். கைய மேல தூக்க வைக்கிறது எக்சர்சைஸ்தான். எங்ககிட்ட வர்றவங்கள்ல நெறைய பேர் கரண்ட் வச்சுட்டு, ஒத்தடம் குடுத்துட்டு நேரா பஸ் ஏறிடுறாங்க, வீட்ல ஒண்ணும் செய்றதில்ல, அப்புறம் பிசியோ கேக்கலன்னு சொல்றாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும். சென்டர்ல அரை மணியோ முக்கா மணியோ, மிச்ச நேரம் பூரா அவங்க வீட்லதான் இருக்காங்க.

முதல் நாள் பெரும்பாலும் கேள்வியும் அளக்குறதும்தான். கைய முன்னாடி, பக்கவாட்டுல, முதுகுக்கு பின்னாடி எவ்வளவு கொண்டு போக முடியுதுன்னு பாப்பாங்க. அப்ப "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாம, நீங்க இங்க எழுதுனீங்களே தலை வார முடியல, துணி போட முடியலன்னு, அத அப்படியே அம்மாவ சொல்ல சொல்லுங்க, அத வச்சுதான் எதுல ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்ணுவோம். எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, போடுற மாத்திரை எல்லாம் ஒரு பையில. பேஸ்மேக்கர் இருக்கா, உடம்புல கம்பி பிளேட் வச்சிருக்கா, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களான்னு அவங்க கேக்கலன்னாலும் நீங்களா சொல்லிடணும், சில மெஷின் அவங்களுக்கு வைக்கவே கூடாது.

சுகர்காரங்களுக்கு இது மத்தவங்கள விட ஜாஸ்தி வரும், சரியாகவும் கொஞ்சம் நாளாகும். வெறும் வயித்துல கூட்டிட்டு போயிடாதீங்க, சாப்பிட்டுட்டு, கையில ரெண்டு மிட்டாய் இருக்கட்டும். இன்னொண்ணு, வருஷக்கணக்கா சுகர் இருந்தா சில பேருக்கு சூடு சரியா தெரியாது, வீட்ல வெந்நி ஒத்தடம் குடுத்து தோல் வெந்து வர்றவங்கள பாத்துருக்கேன். துணி சுத்தி வைங்க, முதல்ல உங்க கையில வச்சு பாருங்க. டாக்டர் தோள்ல ஸ்டீராய்டு ஊசி போட்டா சில நாள் சுகர் ஏறும், அப்ப செக் பண்ணிக்கணும்.

எவ்வளவு நாள்னு கேட்டீங்க. வலி கட்டம், இறுக்கம் கட்டம், இளகுற கட்டம்னு போகும் இது, முழுசா விட ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகலாம், அதுக்காக அவ்வளவு நாளும் சென்டருக்கு வரணும்னு இல்ல. வலி கட்டத்துல கைய புடிச்சு முறுக்கக்கூடாது, பெரியம்மா பயப்படுறதுல நியாயம் இருக்கு, யாராவது அம்மா கத்த கத்த இழுத்தா நிறுத்த சொல்லுங்க.

மன்னை_ராசு:
எங்க அப்பாவுக்கு முட்டி மாத்து ஆபரேஷன் பண்ணுனப்ப கத்துக்கிட்டது, வேற யாராவது படிச்சா உதவும். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே வாக்கர் புடிச்சு எழுப்பி நிக்க வச்சாங்க, நாங்க பதறிட்டோம், ஆனா அதுதான் முறையாம். பாசத்துல முட்டிக்கு அடியில தலகாணி வச்சோம்னா பிசியோ வந்து எடுத்துடுவாரு, கால் மடங்குனாப்லயே நின்னுடும், குதிகாலுக்கு அடியில வைங்கம்பாரு. எக்சர்சைஸ்க்கு அரை மணி முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, எங்களுக்கு அது ரொம்ப உதவுச்சு. கெண்டைக்கால் வீங்கி சூடா வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்குனா, பிசியோ நாள் வரட்டும்னு இருக்காம உடனே ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்ல உக்கார்ற டாய்லெட்டுக்கு ஏற்பாடு பண்ணிடுங்க, நம்ம ஊர் வீடுங்கள்ல இதுதான் பெரிய பிரச்சனை.

வெட்டாறு:
உருவுறவர் பேச்சு வந்ததால சொல்றேன், தோள்பட்டை மேலாக்க எண்ணெய் தடவுறது வேற, இழுத்து உருவுறது வேற. என் தங்கச்சி பையன் மரத்துலேர்ந்து விழுந்து முழங்கையில எலும்பு முறிஞ்சு, கட்டு பிரிச்சதும் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டு போய் தினம் நல்லா உருவி விட்டாங்க, கை மடங்காமலே போச்சு. அப்புறம் எக்ஸ்ரே எடுத்தா சதைக்குள்ள எலும்பு வளந்துருக்கு. முழங்கை அடிபட்ட பிறகு அமுக்கி உருவக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. சொந்தக்காரங்க சொன்னா தலையாட்டிட்டு நீங்க பிசியோவுக்கு போங்க. போற இடத்துல பி.பி.டி., அதான் பிசியோதெரபி டிகிரி, படிச்சவங்களான்னு கேக்கலாம், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

காவேரி_மக:
செலவு யோசிச்சா தஞ்சாவூர் மெடிக்கல்ல பிசியோவுக்கு தனி பிரிவே இருக்கு, கும்பகோணம் பெரியாஸ்பத்திரியிலயும் விசாரிங்க. லேடீஸ்க்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லாததால அடிக்கடி போறது அவ்வளவு பாரமா இருக்காது. படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்துல, 2021ல ஆரம்பிச்சதே அது, வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க, எங்க சித்தப்பாவுக்கு பக்கவாதம் வந்தப்ப வந்தாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுத்தா போதும். பக்கவாதம் வந்தவங்கள தூக்கும்போது விழுந்த கைய புடிச்சு இழுக்காதீங்க, தோள் எறங்கிடும்னு வீட்டுக்கு வந்த பிசியோ பொண்ணுதான் சொல்லி குடுத்துச்சு. அம்மாவுக்கு பொம்பள பிசியோ வேணும்னா ஃபோன்லயே கேட்டுடுங்க, கை லூசான ஜாக்கெட் போட்டுட்டு போக சொல்லுங்க.

குடமுருட்டி_கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், கரண்ட் பயம் கொஞ்சம் போச்சு. மேடம், நடவுக்கு போகலாமா கூடாதா? வீட்ல இப்பவே செய்யற மாதிரி ஏதாவது இருக்கா?

தஞ்சை_பிசியோ:
நாத்து நடுறப்ப கை கீழதான இருக்கும், அத வலி தாங்குற அளவுக்கு செய்யலாம். நாத்து பறிக்கிறது வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குற வேலை, நாத்து முடிய தூக்கி வீசுறது, தலையில சுமக்குறது, இது மூணும் இப்போதைக்கு வேற யாராவது பாக்கட்டும். கைய தொங்க போட்டு கட்டியும் வச்சிடாதீங்க, அசைக்காம வச்சா இன்னும் இறுகும்.

பிசியோ பாக்குற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு: இடது கைய மேசையிலயோ திண்ணையிலயோ ஊணி கொஞ்சம் குனிஞ்சு, வலது கைய தளர தொங்க விட்டு உடம்ப ஆட்டுனா கை தானா முன்ன பின்ன போகும், அப்புறம் சின்ன வட்டம். கைய வலிஞ்சு தூக்கக்கூடாது. ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம், நாளைக்கு மூணு நாலு தடவை, காலையில வயலுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தடவை. செய்யும்போது கொஞ்சம் இழுக்குற வலி இருந்தா பரவால்ல, முடிச்சு சித்த நேரத்துல அடங்கிடணும். அன்னைக்கு ராத்திரி தூங்க முடியாம வலிச்சா மறுநாள் பாதியா குறைச்சுக்கங்க, திங்கக்கெழமை அதையும் சொல்லிடுங்க.