நாயோடு நடக்கப் போய் மாட்டிக்கிட்ட கதைகள்

நங்கநல்லூர்க்காரன்:
போன மார்கழி. காலை அஞ்சரை மணி, தெருவெல்லாம் ஈரக் கோலம். எங்க லேப்ரடார் நாய் மணியோட (32 கிலோ, பேருக்குத்தான் குழந்தை) முனை திரும்பினேன். பால் பூத் வாசலில் ஒரு பெட்டை நாய், சுத்தி ஆறேழு கடுவன். மார்கழி மாசத்து நாய்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க? அப்பவே திரும்பியிருக்கணும். தினம் போற வழிதானேன்னு நடந்தேன்.

குலைச்சுக்கிட்டு இருந்தவரைக்கும் பயமில்லை. குலைப்பு நின்னு, ஒண்ணு மட்டும் தலையைத் தாழ்த்திக்கிட்டு சத்தமில்லாம பக்கவாட்டில் வந்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு. பெல்ட்டை மணிக்கட்டில் ரெண்டு சுத்து சுத்தி வெச்சிருந்தேன். மணி இழுத்த இழுப்பில் குப்புற விழுந்தேன். விழுந்தவன் சும்மா இருக்காம, சண்டையை விலக்குறேன்னு நடுவில் கையை விட்டேன். எது கடிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மணியாவே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினேன். அம்மா மஞ்சள்தூள் டப்பாவோட நின்னாங்க, வேண்டாம்னுட்டேன். ரத்தம் வந்த கடிங்கிறதால காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கிற ஊசி மருந்து), அதோட 0, 3, 7, 28ஆம் நாள்னு தடுப்பூசி. அரசு ஆஸ்பத்திரியில் காசே வாங்கலை. மணிக்கு வருஷா வருஷம் போடுற ஊசி போட்டிருந்தும் திரும்ப ஒரு பூஸ்டர் போட்டோம்.

இப்போ பெல்ட்டைக் கையில் சுத்துறதே இல்லை. வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி மூடிப் பிடிச்சுக்கிறேன், விடணும்னா விட்டுடலாம்.

அடையாறு அக்கா:
எங்களுது பொமரேனியன், அஞ்சு கிலோதான். ரெண்டு தெரு நாய் வந்ததும் சட்டுனு தூக்கி மார்போட அணைச்சுக்கிட்டேன். அதுதான் வினை. இதைப் பிடிக்க அதுங்க என் தோள் வரைக்கும் தாவ ஆரம்பிச்சதுங்க. துப்பட்டா கிழிஞ்சதோட போச்சு. எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் வந்து சும்மா குனிஞ்சார், கையில் கல்லுகூட இல்லை. ரெண்டும் பத்தடி பின்னால போயிருச்சு.

“அந்த டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும்தாம்மா இதுங்க எல்லை. ஓடாம அதைத் தாண்டிருங்க, அப்புறம் வராது”ன்னார். மறுநாளே பார்த்தேன், கோடு போட்ட மாதிரி அங்கேயே நின்னுருச்சு. இப்போ எங்க ஏரியா நாய்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்லுவேன். காதில் வெட்டு இருந்தா கருத்தடை பண்ணி ரேபிஸ் ஊசி போட்டதுன்னு அர்த்தம். ஆனா அந்த ஊசியை எந்த வருஷம் போட்டாங்கன்னு காது சொல்லாதே!

மடிப்பாக்கம் பெரியவர்:
நான் வளர்க்கிறது நாட்டு நாய். 2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பூங்காவில் ரெண்டு ராட்வைலர் அஞ்சு வயசுக் குழந்தையைக் கடிச்சதில் இருந்து, லிஃப்டில் எங்களைக் கண்டாலே ஜனங்க சுவரோட ஒட்டிக்கிறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், வாய்க்கூடு போட்டுத்தான் கூட்டிப் போறேன். துணியில் வர்ற பட்டையை வாங்கிடாதீங்க. நாய்க்கு வாயைத் திறந்து மூச்சு வாங்கினாதான் சூடு இறங்கும். கூடை மாதிரி இருக்கிறதே தேவலை.

ஆனா தம்பி, எனக்குக் கடியைவிட மழைதான் பயம். போன வாரம் தெருவில் கணுக்கால் தண்ணி. ஓரத்தில் ஒரு பில்லர் பாக்ஸ் (தெருவில் நிக்கிற கரண்ட் பெட்டி), நம்மாளு தினம் காலைத் தூக்குற இடம். அன்னிக்கு அதுக்குப் பத்தடி முன்னாடியே நின்னுட்டு வர மாட்டேன்னு ஒரே அடம். திட்டிக்கிட்டே இழுத்தேன். பேப்பர் போடுற பையன் எதிரில் சைக்கிளை நிறுத்தி, “தாத்தா, அங்க போகாதீங்க, தண்ணியில் ஷாக் அடிக்குது”ன்னு கத்தினான். நான் ரப்பர் செருப்பு, அது வெறுங்கால். அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை. வீட்டுக்கு வந்து கை நடுக்கம் நிக்கவே அரைமணி ஆச்சு. உடனே போன் பண்ணிப் புகார் கொடுத்தேன்.

நங்கநல்லூர்க்காரன்:
ஐயா, அது எந்தத் தெரு? மழை பேஞ்சா நான் மணியைக் கூட்டிக்கிட்டு உங்க பக்கமாதான் வருவேன்.