“கோயம்பேட்டு ஆள் வந்திருக்கானாமே!” – தொற்றுக் காலப் பயம்: அனுபவப் பகிர்வு

கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம் மாவட்டம்

ஒரு நோய் வந்துவிட்டால் டிவியும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஒரு ஊரை என்ன பாடுபடுத்தும் என்று உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள் மார்க்கெட்டுகளில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அப்புறம் கோயம்பேட்டில் தொற்று பரவியதும், மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடியதும் எல்லோருக்கும் தெரியும். அங்கே மூட்டை தூக்கியவர்களும் காய்கறி ஏற்றி இறக்கியவர்களும் பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று கிடைத்த லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். வேலை இல்லை, தங்க இடம் இல்லை, சாப்பாட்டுக் கடை இல்லை. வேறு எங்கே போவார்கள்?

அந்த வாரம் முழுக்கத் திரையில் ஓடியது இரண்டே விஷயம். கோயம்பேட்டுக் கூட்டத்தின் படம், கீழே சிவப்புப் பட்டையில் மாவட்டவாரியாக எண்ணிக்கை. எங்கள் ஊர்களில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: நோய் என்றால் கோயம்பேட்டு ஆள்.

ஒரு ஊரில் நுழைகிற ரோட்டில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். எங்கள் வண்டியும் உள்ளே போக முடியவில்லை. அப்போது ஒருவர் ஊருக்கு வெளியே மோட்டார் கொட்டகையில் தங்கியிருந்தார். அவருக்குக் காய்ச்சலோ இருமலோ கிடையாது. மாதிரி எடுத்துப் பார்த்ததில் தொற்று இருந்தது. 108 வந்தபோது சைரன் சத்தம் கேட்டு ஊரே திரண்டு வந்து போனில் படம் பிடித்தது. முழு உடைக் கவசம் போட்ட இரண்டு பேர் நடுவில், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு தலை குனிந்து அவர் வண்டியில் ஏறுகிற அந்த வீடியோ, பேர், ஊர், தெரு எல்லாம் போட்டு அன்று சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்விட்டது. அவர் மனைவியைக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. பிள்ளை பால் வாங்கப் போனால் சொசைட்டியில் தூரமாக நிற்கச் சொன்னார்கள். காசைக் கல்லின் மேல் வைக்கச் சொல்லி மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்தார்கள்.

பக்கத்து ஊரில் இன்னொருவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். “அவரு வரவே இல்லைங்க நர்சம்மா, மெட்ராஸ்லயே இருக்காரு” என்றார் மனைவி. திண்ணையில் ஆண் செருப்பு கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அந்தம்மாவும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அழுதார். அவரும் அந்த வீடியோவைப் பார்த்தவர்தானே. வீட்டுக்குள்ளேயே மறைந்திருந்த அந்த மனிதர் காய்ச்சல் முற்றி மூச்சு வாங்கிய பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். அதற்குள் கூடவே படுத்திருந்த அவருடைய வயதான அம்மாவுக்கும் தொற்றிவிட்டது. இருவரும் பிழைத்தார்கள், அம்மா ரொம்ப நாள் ஆக்சிஜனில் இருந்தார்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பயப்பட்டதைத் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். நோய் நிஜம், அன்றைக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் நோயைப் பார்த்துப் பயந்தால் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஊரைப் பார்த்துப் பயந்தால் ஒளிந்துகொள்வார்கள். ஒளிந்தால் அது வீட்டுக்குள்ளேயே பரவும். “காய்ச்சல் இருந்தால் வாங்க, பரிசோதனை இலவசம், உங்கள் பேரை யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்ற மூன்று வரியைப் படத்துக்குக் கீழே ஓட விட்டிருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

அந்த ஏப்ரலில்தான், 19-ஆம் தேதி, சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கினார்கள். கூட இருந்த டாக்டர் ராத்திரியில் தன் கையாலேயே மண் தள்ளிப் புதைத்துவிட்டு வந்தார். முறைப்படி பொதிந்து புதைத்த உடலிலிருந்து அந்தத் தெருவுக்கு நோய் வராது என்பதை அதற்கு முன்பே நாள் முழுக்கச் சொல்லியிருக்கலாம் இல்லையா? அதன் பிறகுதான் அரசு அவசரச் சட்டம் போட்டது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்று செய்தோம். 108 டிரைவரிடம் சொல்லி ஊர் எல்லையிலேயே சைரனை நிறுத்தச் சொன்னோம். கவச உடையை வண்டிக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள், முடிந்தவரை விடிவதற்கு முன் அழைத்துப்போவோம். அப்புறம் ஆட்கள் தாங்களாகவே போன் பண்ண ஆரம்பித்தார்கள்.

செய்தித் துறையில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு கேள்வி. எதைக் காட்டுவது என்று அங்கே யார் முடிவு செய்கிறார்கள்?

இரண்டு பிள்ளைகளின் அம்மா, கோவை

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. என்னுடையது சின்ன விஷயம்தான், ஆனால் அந்த ஒரு வாரம் எனக்குப் பெரிது.

2022 மே மாதம். கேரளாவில் கொல்லம் பக்கம் குழந்தைகளுக்குத் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று செய்தி. கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் வண்டிகளை நிறுத்தி, குழந்தைகள் உடம்பில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்ததை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் சின்னவனுக்கு உள்ளங்கையிலும் வாயிலும் கொப்புளம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கை கால் வாய் நோய்ம்மா, வருஷா வருஷம் பார்க்கிறதுதான். ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். தண்ணி நிறையக் குடுங்க” என்றார். அப்படியே போய்விட்டது.

ஆனால் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பிளாட் நம்பரைப் போட்டு, “இவர்கள் பாலக்காடு போய் வந்தவர்கள்” என்று ஒருவர் எழுதினார். பெரியவளுக்கு ஒன்றுமே இல்லை, அவளையும் யாரும் விளையாடச் சேர்க்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி தக்காளியே வாங்குவதை நிறுத்திவிட்டார். காய்கறி அண்ணன் தள்ளுவண்டியில் தக்காளியைச் சாக்கால் மூடி வைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு இங்கிலாந்தில், கேரளா போய்த் திரும்பிய இரண்டு குழந்தைகளைச் சோதித்தபோது காக்ஸாக்கி ஏ16 வைரஸ் என்று வந்தது. கை கால் வாய் நோயைக் கொடுக்கிற பழைய வைரஸ்தான். அதை எங்கள் குழுவில் யாரும் பகிரவில்லை. நான்தான் போட்டேன். பாட்டி மட்டும் வந்து பையனைத் தூக்கிக்கொண்டார்.

கோழிப் பண்ணை, நாமக்கல்

மனுஷனுக்கு ஆனது போல எங்களுக்கு ஆனது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பிழைப்பு போனதை எழுத வேண்டும்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவில் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. நாமக்கல்லுக்கும் நவாப்பூருக்கும் எத்தனை தூரம்! இங்கே ஒரு கோழிக்கும் வரவில்லை. அந்தத் தடவை இந்தியாவில் மனிதர் ஒருவருக்குக்கூட அது தொற்றவில்லை. ஆனால் வெள்ளை உடை போட்டவர்கள் கோழிகளைச் சாக்கில் கட்டிக் குழியில் போடுகிற ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டதில், இங்கே முட்டை வாங்க ஆளில்லை.

அப்புறம் 2020. பிப்ரவரியிலேயே, அதாவது தமிழ்நாட்டில் ஒருவருக்கும் கொரோனா உறுதியாவதற்கு முன்பே, சீக்குக் கோழி ஒன்றின் படத்தைப் போட்டுக் ‘கோழியில் கொரோனா’ என்று வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கோழிக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே கிடையாது என்று கால்நடைத் துறை சொன்னது. தெலங்கானாவில் அமைச்சர்களே மேடையில் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். எதுவும் எடுபடவில்லை. பல்லடம் பக்கம் கறிக்கோழிக்காரர்களுக்கு முதல் அடி, பின்னாலேயே எங்களுக்கு.

முட்டைக் கோழி பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விலை இல்லை என்று அதை நிறுத்தி வைக்க முடியாது. தினமும் முட்டை விடும், தினமும் தீவனம் கேட்கும். மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் கடன் ஏறிக்கொண்டே போகும். பள்ளிக்கூடம் மூடியதில் சத்துணவு முட்டையும் நின்றது. தட்டு தட்டாகக் குடோன் கூரை வரை அடுக்கினோம். அதற்கு மேல் இடமில்லாமல் ஊருக்குச் சும்மாவே கொடுத்தோம். சிலர் அதையும் வாங்க யோசித்தார்கள். எங்களிடம் வேலை பார்த்த குடும்பங்களைக் கணக்கு முடித்து அனுப்பியதுதான் இன்னும் மனசில் கிடக்கிறது.

70 டிகிரிக்கு மேல் உள்ளே வரை வெந்துவிட்டால் பறவைக் காய்ச்சல் கிருமியே இருக்காது. உலக சுகாதார நிறுவனம் அப்போதிலிருந்து சொல்வதுதான். அந்த ஒரு வரியை அந்தக் குழிக் காட்சியோடு சேர்த்துப் போட என்ன செலவு?

செய்திப் பிரிவில் வேலை பார்த்தவர், சென்னை

செவிலியர் அக்கா கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, எங்கேயும் கிட்டத்தட்ட இதே நடைமுறைதான்.

தனியாக ஒருவர் முடிவு செய்வதில்லை. ஒரு டேபிளில் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துத் திரையில் சிவப்புப் பட்டை வந்துவிட்டால் நம்மிடம் ஏன் இல்லை என்று மேலிருந்து போன் வரும். அரை மணிக்கு ஒரு செய்தி. புதிதாக ஒன்றும் நடக்காவிட்டாலும் புதிதாக ஒன்று தெரிய வேண்டும். அதனால் மொத்த எண்ணிக்கையைப் போடுவோம், ஏனென்றால் அது எப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 2020-ல் சுகாதாரத் துறை தினமும் சாயங்காலம் கொடுத்த அறிக்கையில் எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேர் குணமாகி வீடு திரும்பினார்கள், இப்போது சிகிச்சையில் எத்தனை பேர் என்று எல்லாமே இருக்கும். திரையில் பெரிய எழுத்தில் வருவது மொத்தத் தொற்று எண்ணிக்கை மட்டும். குணமானவர்கள் எண்ணையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று நாங்கள் சிலர் ஷிப்டுக்கு ஷிப்ட் சண்டை போட்டோம். சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை.

கொரோனாவோடு இது முடியவில்லை என்பதற்காகத்தான் எழுதுகிறேன். 2025 ஜனவரி 6. பெங்களூருவில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. என்ற சளி, இருமல் தருகிற வைரஸ் தொற்று என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிக்கை கொடுத்தது. அந்த வைரஸ் 2001-லேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. இந்தியா உட்பட உலகம் முழுக்க ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைகள் வெளிநாடு எதுவும் போகவில்லை. ஒரு குழந்தை ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது. இவ்வளவும் அன்றைக்கே கையில் இருந்த தகவல். ஆனால் தலைப்பு என்னவோ ‘இந்தியாவுக்குள் நுழைந்தது புதிய வைரஸ்’ என்றுதான் பல இடங்களில் போனது. பின்னணியில் சீன ஆஸ்பத்திரிக் கூட்டத்தின் வீடியோ. அது எந்தத் தேதியில் எடுத்தது என்று நான் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் ஓடியது. அன்றைக்கே பங்குச் சந்தையில் சென்செக்ஸ் 1,200 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அதற்கும் இந்த வைரஸையே காரணமாகச் சொல்லி இன்னொரு அரை மணி நேரம் ஓட்டினார்கள். சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கு உறுதியானது, இருவரும் நலமாகவே இருந்தார்கள்.

அக்கா, உங்கள் மூன்று வரியை எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது நான் அந்த வேலையில் இல்லை, ஆனால் பழைய நண்பர்கள் ஷிப்டில் இருக்கிறார்கள். அடுத்த தடவை ஏதாவது காய்ச்சல் கிளம்பினால் படத்துக்குக் கீழே ஓடுகிற பட்டையில் அதைப் போடச் சொல்லி நேரிலேயே போய்க் கேட்கிறேன். உங்கள் மாவட்டத்தில் எந்த எண்ணுக்கு அழைத்தால் செவிலியர் எடுப்பார்கள் என்பதையும் அப்போது சொல்லுங்கள், அதையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.